அழகர் ஊர்வலத்தை மையில் வரைவது எப்படி? கோட்டில் உணர்வைக் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

சித்ரா பௌர்ணமி விடியலில் மதுரையில் வைகைக் கரையில் நின்றவர்களுக்கு இது தெரியும். அழகர்மலைப் பெருமாளான அழகர் கண்ணில் படுவதற்கு வெகுநேரம் முன்பே அவர் வருவது தெரிந்துவிடும். முன்னால் நிற்பவர்களின் தோள்கள் மெல்ல ஒரு பக்கமாகச் சாயும். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தை தலையைத் திருப்பும். சொம்பு நிறையச் சர்க்கரை வைத்து, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி நிற்கும் பெண் அந்தச் சொம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்துவாள். அதன் பிறகு குடை தெரியும். குதிரை கடைசியில்தான் தெரியும்.

பல ஆண்டுகளாக இந்த ஊர்வலத்தை வரைந்து வருகிறேன். ஆரம்ப காலப் படங்களில் குதிரை, குடை, தீவட்டி, கூட்டம் எல்லாமே இருந்தன. ஆனால் அந்தப் படங்களில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. நூறு பேரை ஒரே கவனத்தோடு, ஒரே தடிமனில், ஒவ்வொருவரையும் முழுமையாக மூடிய கோட்டுக்குள் வரைந்து வைத்திருந்தேன். அவர்கள் கொலுப் பொம்மைகளாக நின்றார்கள். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஊர்வலம் எந்த நடையில் போகிறதோ அந்த நடையில் கை போக வேண்டும். மை கூட்டத்துக்கு, வெள்ளைத் தாள் சாமிக்கு. மற்றதெல்லாம் இவற்றிலிருந்து வருபவை.

நாம் வரையப் போவது இன்றைய ஊர்வலத்தை அல்ல. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், திருமலை நாயக்கர் காலத்தில், இந்தத் திருவிழா எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் ஒரு வரலாற்றுச் சித்திரத்தை.

முதல் படி: ஒரு பொழுதைத் தேர்ந்தெடுங்கள்

"அழகர் ஊர்வலம்" என்று ஒரு படம் வரைய முடியாது. அது பல நாள் நிகழ்வு. ஒவ்வொரு பொழுதுக்கும் ஓர் உணர்வு உண்டு. பொழுதையும் உணர்வையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. யாமம் குறிஞ்சிக்கு, மாலை முல்லைக்கு என்று பொழுதைப் பிரித்து வைத்த மரபு நம்முடையது.

மூன்று பொழுதுகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, எதிர்சேவை (மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்பது) முடிந்து வைகையின் வடகரையில் உள்ள தல்லாகுளத்தில் அழகர் தங்கும் இரவு. அதில் இருப்பது எதிர்பார்ப்பு. இரண்டாவது, குதிரை வாகனத்தில் ஆற்றில் இறங்கும் விடியல், அது பரவசம். மூன்றாவது, எல்லாம் முடிந்து பூப்பல்லக்கில் ஏறி மலைக்குத் திரும்பும் இரவு, அது பிரிவு. தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு வந்த அண்ணன், திருமணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஊருக்குள் வராமலே வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறான் என்று மக்கள் சொல்லும் கதையை நினைத்துக்கொண்டால், இந்த மூன்றாவது பொழுது இன்னும் கனக்கும். மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க வந்தார் என்பது கோயில் சொல்லும் வரலாறு. இரண்டில் எதை மனத்தில் வைத்து வரைகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கோடு மாறும்.

பென்சிலைத் தொடுவதற்கு முன் தாளின் பின்பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். "இன்னும் வரவில்லை." "இதோ இறங்கிவிட்டார்." "போய்விட்டார்." இந்த மூன்றில் ஒன்று போதும். குழப்பம் வரும்போதெல்லாம் தாளைத் திருப்பி அதைப் படியுங்கள்.

இரண்டாம் படி: காலத்துக்கு ஒவ்வாததை அகற்றுங்கள்

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டார். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேரோட்டத்தையும் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு இணைத்தவர் அவரே என்று மதுரை சொல்லிவருகிறது. தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. அதற்கு முன் அழகர் ஆற்றில் இறங்கிய இடம் தேனூர். வண்டியூர் அருகே ஆற்றுக்குள் இருக்கும் தேனூர் மண்டபம் அந்தப் பழைய உறவை இன்றும் நினைவூட்டுகிறது.

எனவே உங்கள் படத்தில் வைகையின் மேல் நிற்கும் ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் இருக்கக் கூடாது. அது 1889இல் வந்தது. நகரைச் சுற்றிக் கோட்டை மதிலும் கொத்தளங்களும் இருக்க வேண்டும். அவற்றை இடித்தது 1840களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில். ஆற்றிலிருந்து பார்த்தால் மிக அருகில் இருக்கும் மீனாட்சி கோயிலின் வடக்குக் கோபுரத்தைச் சுதைச் சிற்பங்களோடு வரைந்துவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி நிறைவு பெறாமல் நின்ற அது, 19ஆம் நூற்றாண்டில் கட்டி முடிக்கப்படும்வரை மொட்டைக் கோபுரம்தான். சித்திரத்துக்கு இது பெரிய வரம். தூரத்தில் உயர்ந்து நிற்கும் தெற்குக் கோபுரமும் அருகில் முடிவு பெறாத வடக்குக் கோபுரமும் சேர்ந்து வானில் ஒரு ஏக்கத்தை எழுதிவிடும்.

ஆற்றைப் பற்றியும் ஒரு சொல். இன்று விழாவுக்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அணை 1959இல்தான் வந்தது. அதற்கு முன் சித்திரை வெயிலில் வைகை என்றால் அகன்ற மணலும், அதன் நடுவே பிரிந்து பிரிந்து ஓடும் சில ஓடைகளும் என்று எண்ணி வரைவதே பொருந்தும். கரை தொட்டு ஓடும் வெள்ளத்தை வரைய ஆசை வரும். மணலே நல்லது, மணலில் கால்தடம் விழும்.

உடைக்கும் உடல்மொழிக்கும் மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தூண்களில் நிற்கும் நாயக்க மன்னர்களைப் பாருங்கள். கூப்பிய கைகள், இடுப்பில் செருகிய கத்தி, கொஞ்சம் முன்சரிந்த வயிறு, அசையாத முழங்கால்கள். அரசன் ஊர்வலத்தில் இருந்தால் இப்படித்தான் இருப்பான்: சுற்றிலும் எல்லாம் ஆட, அவன் மட்டும் தூணாக. அழகர்கோயில் வசந்த மண்டபத்து ஓவியங்களையும் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்து ஓவியங்களையும் நேரில் போய்ப் பாருங்கள். ராமலிங்க விலாசத்து ஓவியங்கள் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதால் உடையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், கோடு போட்ட விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மரபு ஓவியர்கள் கதையைப் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். முகங்களைப் பெரும்பாலும் பக்கவாட்டில் வைத்தார்கள். உருவத்தைச் சுற்றி உறுதியான கறுப்புக் கோடு போட்டார்கள். அந்தக் கோடு எங்கும் அவசரப்படாது. அரண்மனையின் கண்ணால் ஊர்வலத்தைப் பார்க்கும்போது இருக்கும் கோடு அது. நாம் வரையப் போவது கூட்டத்தின் கண்ணால் என்றால் அதே கோடு நமக்கு உதவாது. ஆனால் எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரிந்து விலக வேண்டும்.

மூன்றாம் படி: மை, பேனா, தாள்

இதில் அதிகம் சொல்ல இல்லை. 300 ஜி.எஸ்.எம். வழவழப்பான தாள், ஒரு நெகிழும் நிப், ஒரு கூரான பிரஷ், ஒரு புட்டி நீர் புகாத இந்தியன் இங்க், நீர் கலந்து வைக்க மூன்று கிண்ணங்கள். புது நிப்பின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காமல் தோய்த்தால் மை உருண்டு ஓடும். இந்தியன் இங்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் அரக்கு உள்ளே இறுகிப் பேனாவை அடைத்துவிடும். சித்திரை, வைகாசியில் மதுரையில் உட்கார்ந்து வரைகிறீர்கள் என்றால் மை நிப்பிலேயே காய்ந்துவிடும். பத்துக் கோடுகளுக்கு ஒரு முறை நிப்பை நீரில் நனைத்துத் துடையுங்கள். கைக்குக் கீழே எப்போதும் ஒரு தாள் இருக்கட்டும். வியர்வை பட்ட இடத்தில் கோடு பரவும்.

விளக்குக் கரியில் பிசின் சேர்த்த மை, கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை இரண்டும் நம் ஊரில் புழங்கியவை. கடுக்காய் மையின் பழுப்பேறிய கறுப்பு மிக அழகானது, பழங்கால உணர்வை உடனே தரும். ஆனால் அதிலுள்ள இரும்பும் அமிலமும் காலப்போக்கில் தாளை அரித்துவிடும். நிலைக்க வேண்டிய படத்துக்குக் கரி மைதான்.

ஒரு பொருளை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: நாணற் பேனா. ஆற்றங்கரையில் நன்றாகக் காய்ந்த, விரல் தடிமன் நாணல் ஒன்றைச் சாய்வாக வெட்டி, இரு பக்கமும் செதுக்கிக் கூராக்கி, நுனியில் நகமளவு ஒரு பிளவு கீறுங்கள். அது மையை அதிகம் பிடித்து வைக்காது. கோடு அடர்த்தியாகத் தொடங்கி, நடுவில் தேய்ந்து, முடிவில் சொரசொரப்பாக உலர்ந்து போகும். கூட்டத்தின் கோடும் அப்படித்தான்: அருகில் உடம்பு, கொஞ்சம் தள்ளித் தோள், இன்னும் தள்ளிப் புழுதி. எந்தக் கடையில் வாங்கிய பேனாவும் எனக்கு இதைத் தந்ததில்லை.

படம் அச்சுக்குப் போகிறதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முடி போன்ற கோடுகளால் நான் வரைந்த ஒரு விடியல் படம், சிறிதாக்கி அச்சிட்டபோது பாதி மறைந்துபோய் வெறும் குதிரையும் குடையும் மட்டும் மிஞ்சின. பாதி அளவில் அச்சாகும் படத்துக்கு மிக மெல்லிய கோடும் இரு மடங்கு தடிமனில் இருக்க வேண்டும்.

நான்காம் படி: எந்தக் கரையில் நிற்கிறீர்கள்?

படத்தின் உணர்வில் பாதியை இந்த ஒரு முடிவு தீர்மானிக்கிறது.

தென்கரையில் நின்று வடக்கே பார்த்தால், நீங்கள் மதுரைக்காரர். காத்திருந்தவர். அழகர் உங்களை நோக்கி வருகிறார். பின்னால் அழகர்மலையின் நீண்ட முதுகு, வலப்பக்கம் படுத்திருக்கும் யானைமலை. சூரியன் வலப்பக்கம் எழுகிறது. அவர் பிறகு கிழக்கே வண்டியூருக்குப் போவதும் உங்களுக்கு இடமிருந்து வலமாகத்தான் தெரியும். நாம் படிக்கும் திசை அது. கண் தடையின்றி அவரோடு போகும்.

வடகரையில் நின்று தெற்கே பார்த்தால், மலையிலிருந்து அவரோடு நடந்து வந்தவர் நீங்கள். முன்னால் தெரிவது அவருடைய முதுகும், குடையின் பின்புறமும், ஆற்றுக்கு அப்பால் கோட்டை மதிலும், மொட்டைக் கோபுரமும். அந்த ஊருக்குள் அவர் போகப் போவதில்லை. வண்டியூருக்குத் திரும்பும்போது அவர் வலமிருந்து இடமாக நகர்கிறார். படிக்கும் கண்ணுக்கு எதிர்த்திசை. பார்ப்பவர் காரணம் தெரியாமலே ஒரு தடையை உணர்வார். கோபித்துக்கொண்டு போகும் அண்ணனை வரைய இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இன்னொன்று. பௌர்ணமி நிலா, சூரியன் எழும் வேளையில்தான் மேற்கே மறையும். ஆகவே ஆற்றில் இறங்கும் நேரத்தில் வானத்தின் ஒரு முனையில் சூரியனும் மறு முனையில் நிலவும் இருக்கும். வடகரையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலா. இந்த இரண்டு வட்டங்களையும் கோடு போட்டு மூடாமல், சுற்றியுள்ள வானத்தை மெல்லிய கிடைக்கோடுகளால் நிரப்பி, வெற்றிடமாக விடுங்கள்.

தீப்பெட்டி அளவில் ஆறு குறுஞ்சித்திரங்கள் போடுங்கள். அவற்றில் மனிதர்கள் வேண்டாம்; கூட்டத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு, அழகருக்கு ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான். எட்ட வைத்துப் பார்க்கும்போது எது உங்கள் வாக்கியத்தைச் சொல்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்வலம் என்பதை நீள வரிசையாகவே நினைக்கும் பழக்கம் உலகமெங்கும் உண்டு. புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்காக 130க்கும் மேற்பட்ட மரக்கட்டை அச்சுகளில் செதுக்கப்பட்ட வெற்றி ஊர்வலம், சேர்த்து வைத்தால் 50 மீட்டருக்கு மேல் நீளும், 1526இல் அச்சானது. அதில் வீரர்களும் குதிரைகளும் அணி அணியாகச் செல்கிறார்கள். ஹான்ஸ் புர்க்மைர் வரைந்த கோழிக்கோட்டு மக்கள் பகுதிக்கு வந்ததும் அணி தளர்கிறது. யானை, ஆடு மாடு, குழந்தைகளோடு பெண்கள் என்று ஒரு கூட்டம் கலைந்து நடக்கிறது. புர்க்மைர் நம் நாட்டைப் பார்த்தவர் அல்லர். உடைகளிலும் பொருள்களிலும் பிழைகள் நிறைய. ஆனால் வரிசை கலைந்த அந்த இடத்தில்தான் அந்த நீண்ட ஊர்வலத்துக்கு மூச்சு வருகிறது என்பது என் எண்ணம். அழகரின் ஊர்வலத்தில் வரிசையே கிடையாது. அவரைச் சுற்றி ஒரு சுழிதான் உண்டு. நேர்வரிசையில் நடத்தினால் அது படைநடையாகிவிடும்.

ஐந்தாம் படி: பென்சிலில் செங்குத்துகள்

குடை, கொடி, தீவட்டி, ஆலவட்டம், எக்காளம். இவற்றின் தண்டுகளை மட்டும் முதலில் பென்சிலால் குச்சி குச்சியாகப் போடுங்கள். இவைதான் படத்தின் நாடித் துடிப்பு. எல்லாம் நேராக நின்றால் மரியாதை. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் வேகம். ஒன்றுக்கொன்று வெவ்வேறு கோணத்தில் இருந்தால் தள்ளுமுள்ளு. அழகரின் குடை மட்டும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவாகச் சாயட்டும். குச்சிகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சமமாக விடாதீர்கள். மூன்று நெருக்கமாக, பிறகு ஓர் இடைவெளி, பிறகு ஒன்று தனியாக. தவில்காரரின் தாளத்தைக் காகிதத்தில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: கூட்டத்துக்கு மை

இங்கேதான் நிதானம் வேண்டும். பெரும்பாலோர் அழகரிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அவரைக் கடைசியில் வரைகிறேன், கூட்டம் அவருக்காக விட்டு வைத்த இடத்தில்.

கூட்டத்தை மூன்று தொலைவாகப் பிரியுங்கள். கண்ணுக்கு அருகில் எட்டுப் பத்துப் பேர், பிரஷ்ஷில், அடர் மையில், முதுகும் பிடரியும் தூக்கிய கையும் மட்டும். முகம் வேண்டாம். முகத்தைக் காட்டினால் பார்ப்பவர் அந்த முகத்தோடு நின்றுவிடுவார். முதுகைக் காட்டினால் அது பார்க்கும் பக்கம் தானும் பார்ப்பார். நடுத் தொலைவில் நாணற் பேனா, பாதி நீர் கலந்த மை: தலைக்கு ஒரு வளைவு, தோளுக்கு ஒரு வளைவு. கடைத் தொலைவில் வெளிறிய மையில் புள்ளிகளும் அறுந்த கோடுகளும் மட்டும்.

உருவங்களின் வெளிக்கோட்டை முழுவதுமாக மூடாதீர்கள். எந்தப் பக்கம் கூட்டம் நகர்கிறதோ அந்தப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள். மூடிய கோட்டுக்குள் மனிதன் சிலையாகிறான். திறந்த கோட்டின் வழியே அடுத்தவனோடு கலக்கிறான். தோளும் தோளும் சேரும் இடத்தில் ஒரே கோடு இருவருக்கும் சொந்தமாகட்டும். ஊர்வலத்தில் நின்றவர்களுக்கு அது தெரியும், எது தன் கை, எது பக்கத்தில் இருப்பவர் கை என்று தெரியாத அந்த நெருக்கம்.

எல்லாத் தோள்களும் அழகர் வரும் திசையில் கொஞ்சம் சாயட்டும். எல்லாமே சாய்ந்துவிட்டால் காற்றடிப்பது போல் ஆகிவிடும் என்பதால், இரண்டு மூன்று பேரை எதிர்ப்பக்கம் திருப்புங்கள்: தாயைத் தேடும் ஒரு குழந்தை, நீர்மோர்ப் பானையைச் சுமந்து கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும் ஒருவர். மற்றவர்களின் ஈர்ப்பு எவ்வளவு என்பது அவர்களால்தான் தெரியும்.

கோடு போடும் வேகத்தை நான் தாளத்தோடு பழகினேன். இடது கையால் மேசையில் மெதுவாகத் தட்டிக்கொண்டு, ஒரு தட்டுக்கு ஒரு வளைவு. காத்திருக்கும் கூட்டத்துக்கு மெதுவாக. இறங்கும் தருணத்துக்கு இரட்டிப்பு வேகத்தில். வேகமாகப் போட்ட கோடு தொடக்கத்தில் தடித்து முடிவில் மெலியும். மெதுவாகப் போட்டது முழுக்க ஒரே தடிமனில் இருக்கும், கொஞ்சம் நடுங்கும். பார்ப்பவரின் கண் இந்த வேறுபாட்டைக் காலடி ஓசை போல உணர்ந்துவிடும். வேகமான கோட்டைப் போலவே இருக்க வேண்டும் என்று மெதுவாக வரைந்து பார்த்திருக்கிறேன், ஒருபோதும் வந்ததில்லை.

சாமியைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளுக்கு வேறு கோடு வேண்டும். பாரம் இறங்கும் இடத்தில் நிப்பை அழுத்துங்கள்: தண்டு தோளைத் தொடும் இடம், பின்கழுத்து, ஊன்றிய காலின் கெண்டை. தூக்கிய காலுக்கு மெல்லிய கோடு போதும். தண்டை அளவுகோல் வைத்துப் போடாதீர்கள். நடுவில் ஒரு நூலளவு வளையட்டும். அந்த வளைவுதான் மேலே இருக்கும் பாரத்தைச் சொல்லும்.

தவறான கோடு விழுந்தால் உடனே மறைக்கப் பார்க்காதீர்கள். கூட்டத்தில் அது இன்னொருவரின் துண்டாகவோ கொடியாகவோ மாறும். மை சொட்டிவிட்டால் நன்றாக உலரவிட்டு, புது பிளேடின் முனையால் மெல்லச் சுரண்டி, நகத்தின் முதுகால் தாளைத் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

ஏழாம் படி (இரவுப் படம் என்றால்): வெள்ளையைக் காப்பாற்றுங்கள்

தல்லாகுளத்து இரவில், மின்விளக்கு இல்லாத அந்தக் காலத்தில், வெளிச்சம் தீவட்டிகளிலிருந்து மட்டுமே வரும். தீச்சுடரைக் கோடு போட்டு வரைந்தால் அது இலையாகிவிடும். சுடரின் இடத்தைத் தொடாமல் விட்டு, சற்றுத் தள்ளி எல்லாப் பக்கமும் விரியும் சிறு கோடுகளைத் தொடங்குங்கள்; விலக விலகக் கோடுகள் நீளட்டும், நெருங்கட்டும், பிறகு குறுக்குக் கோடுகள் விழட்டும். வெளிச்சம் மனிதர்களின் விளிம்பில் மட்டும் விழும்: ஒரு கன்னம், ஒரு தோள்முனை, சொம்பின் வாய். அவ்வளவு வெள்ளை போதும்.

இருட்டை ஒரே பூச்சாகப் பூசிவிடாதீர்கள். குறுக்குக் கோடுகளை மூன்று நான்கு அடுக்காகப் போட்டு இருட்டாக்கினால், இடையிடையே ஊசிமுனை அளவு வெள்ளை மிஞ்சும். அந்த இருட்டு மூச்சுவிடும். கோயில் சிற்பங்களை ஆனந்த விகடனுக்காகக் கோட்டோவியமாக்கிய ஓவியர் சில்பியின் படங்களை எடுத்துப் பாருங்கள். கல்லின் இருளைக்கூடக் கோட்டால் நெய்தார்.

தீவட்டிகள் ஏழு போதும், எழுபது வேண்டாம். ஆறு அழகருக்கு அருகில் நெருக்கமாக. ஏழாவது வெகுதூரம் முன்னால், தனியாக, ஓடிவரும் ஒருவன் கையில்.

எதிர்சேவை என்ற சொல்லிலேயே படத்தின் அமைப்பு இருக்கிறது. மக்கள் அவரை எதிர்கொள்ளப் போகிறார்கள். இரண்டு சாய்வுகள் ஒன்றை நோக்கி ஒன்று வருகின்றன. இந்த இரண்டு கறுப்புகளுக்கும் நடுவே இரண்டு விரற்கடை வெள்ளை விடுங்கள். அதில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள், வைக்க வேண்டும் என்று கை துடிக்கும். "இன்னும் வரவில்லை" என்பது அந்த வெள்ளையில்தான் இருக்கிறது.

எட்டாம் படி (விடியல் என்றால்): மணலும் நீரும்

விடியலில் மையைக் குறையுங்கள். சூரியன் இருக்கும் பக்கத்து விளிம்புகள் மெலிந்து, சில இடங்களில் காணாமலே போகட்டும், எதிர்ப்பக்கம் தடிக்கட்டும். மணலுக்கு அங்கங்கே புள்ளிக் கூட்டங்கள். ஓடைகளுக்கு நீண்ட கிடைக்கோடுகள், மனிதர்களின் கால் வரும் இடத்தில் அறுந்து, அப்பால் தொடர்ந்து. நீரில் நிற்பவரின் காலைக் கணுக்காலில் நிறுத்திவிடுங்கள். நீர் தானாகத் தெரியும்.

தோல் பையில் நீர் நிரப்பித் துருத்தியால் பீய்ச்சும் பக்தர்கள் இந்தப் படத்துக்கு உயிர். அந்த நீர்த்தாரைகளை வரையாமல், பின்னாலிருக்கும் கூட்டத்தின் கோடுகளை வில் வளைவில் நிறுத்தி வெள்ளையாக விடுங்கள். நான்கைந்து வெள்ளை வளைவுகள் குதிரையை நோக்கிப் போகட்டும்.

இப்போது குதிரை. வாகனம் தானாக அசைவதில்லை. அதைச் சுமப்பவர்கள்தான் அசைகிறார்கள். எனவே குதிரையின் கழுத்து, முதுகு, தூக்கிய முன்னங்கால்கள் எல்லாம் நீளமான, அறுபடாத, அமைதியான கோட்டில் இருக்கட்டும். புது மண்டபத்தில் பார்த்தோமே, அந்தச் சலனமற்ற கோடு. மொத்த வாகனத்தையும் இம்மியளவு சாயுங்கள். கீழே நூறு அறுந்த கோடுகள் கொந்தளிக்க, மேலே இந்த ஒரு கோடு மிதக்கும்போது கூட்டமே அவரைத் தாங்குவது தெரியும். அழகரின் முகம் இந்த அளவில் நெல்மணி அளவுதான் இருக்கும். இரண்டு புள்ளி, நாமத்துக்கு ஒரு கீற்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சின்னச் சின்ன வளையங்களாக, நிழல்கோடே இல்லாமல்.

ஒன்பதாம் படி (திரும்பும் இரவு என்றால்): மையை வெளிறவிடுங்கள்

வரையக் கடினமானது இதுதான், எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். நேற்று வரை நெரிந்த சாலையில் இப்போது இடைவெளிகள். அடர் மைக் கிண்ணத்தை மூடி வையுங்கள். நீர் கலந்த இரண்டு மைகளோடு மட்டும் வேலை செய்யுங்கள்.

ஊர்வலத்தைப் படத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள் ஒதுக்கி, விளிம்புக்குத் தள்ளுங்கள். பூப்பல்லக்கு ஏறத்தாழ வெள்ளையாகவே இருக்கட்டும். பூக்களைத் தனித்தனியாக எண்ண வேண்டாம். உள்ளே கள்ளழகரின் கொண்டையும் வளைதடியும் ஒரு நிழலாகத் தெரிந்தால் போதும். பல்லக்கின் பின்னே நடப்பவர்களின் இடைவெளி போகப் போக நீளட்டும்: ஒரு விரல், இரண்டு விரல், நான்கு விரல். குடைகளும் தீவட்டிகளும் நேராக நிற்க வேண்டாம், களைத்த கைகளில் கொஞ்சம் தணியட்டும். சாலையின் கோடுகளை உலர்ந்த பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் இழுங்கள். உதிர்ந்த பூக்களுக்குச் சில புள்ளிகள், நடந்தவர்களின் பாதையில் மட்டும்.

மற்ற எல்லாம் முடிந்து தாள் உலர்ந்த பிறகு, முன்புறத்தில், ஊர்வலம் கடந்துபோன இடத்தில், ஒரு கிழவியை வையுங்கள். அவள் கைகள் இன்னும் கூப்பியிருக்கின்றன. சூடம் அணைந்த சொம்பு காலடியில். இந்த ஒருத்திக்கு மட்டும் அடர் மை. பிடரியில் தொடங்கி முதுகு வழியாகக் குதிகால் வரை ஒரே கோடு, பேனாவைத் தூக்காமல், மூச்சை விட்டுக்கொண்டே. அந்தக் கோடு காயும்வரை தாளைத் தொடாதீர்கள்.